ஊர்ல வீடா, கோவையில வாடகையா? லோன் போடுவதற்கு முன் ஒரு கணக்கு

"மாசாமாசம் வாடகைக்குக் கொட்டுற காசை லோனுக்குக் கட்டினா, ஊர்ல நமக்குன்னு ஒரு வீடு இருக்கும்ல கண்ணு?"

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும் பலரும் அப்பாவிடம் கேட்டிருக்கும் வசனம் இது. பழனி பக்கத்துத் தொப்பம்பட்டி ஒன்றியத்துக் கிராமங்களிலும் இதே கதைதான். அப்பா பெயரில் நிலம் இருக்கும். பிள்ளை வேலை பார்ப்பது கோவையிலோ திருப்பூரிலோ.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை. ஊரில் வீடு கட்டினால் கோவை வாடகை நிற்காது! வேலை அங்கேதானே? இ.எம்.ஐ.யும் கட்ட வேண்டும், வாடகையும் கட்ட வேண்டும்.

ஒரு கணக்குக்கு, 25 லட்சம் ரூபாய் லோன், 8.5% வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாத இ.எம்.ஐ. சுமார் 21,700 ரூபாய். கோவையில் வாடகை 12,000 என்றால், குடியிருக்க மட்டும் மாதம் 33,700 போகும். ஊர் வீட்டில் அப்பா அம்மா இருப்பார்கள், நீங்கள் தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் போய் வருவீர்கள்.

"வாடகை வீண்" என்பது எவ்வளவு உண்மை?

முதல் மாத இ.எம்.ஐ.யைப் பிரித்துப் பாருங்கள். 21,700-ல் சுமார் 17,700 வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 4,000 கூட இல்லை. ஐந்து வருடத்தில் நீங்கள் கட்டியிருப்பது 13 லட்சம். அசல் குறைந்திருப்பது 3 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. வாடகை திரும்பி வராது, சரி. இந்த 10 லட்சம் வட்டி மட்டும் திரும்பி வருமா என்ன?

அப்போ கோவையிலேயே வாங்கிவிட்டால்? வாடகை மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%. 30 லட்சம் வீட்டுக்கு 2.7 லட்சம் ரூபாய் பத்திரப் பதிவிலேயே போய்விடும். பொதுவாக இதற்கு பேங்க் லோன் தராது, கையிலிருந்துதான் போட வேண்டும். மேலே சொன்ன ஐந்து வருட அசலோடு இதை ஒப்பிடுங்கள், கிட்டத்தட்ட அதே தொகை. அதனால் மூன்று நாலு வருடத்தில் பெங்களூருக்கோ சென்னைக்கோ கிளம்ப வாய்ப்பிருக்கிறவர்கள், நம் பார்வையில், இப்போதைக்கு வாடகையிலேயே இருக்கலாம். பத்து வருடம் இங்கேதான் என்பது உறுதியானால் கதை வேறு. வாடகை ஏறிக்கொண்டே போகும், இ.எம்.ஐ. அந்த அளவுக்கு ஏறாது.

ஏறாது என்றும் அடித்துச் சொல்ல முடியாது. 2020 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. பலருக்கு இ.எம்.ஐ. அப்படியே இருந்தது, கட்ட வேண்டிய வருடங்கள் நீண்டன. 2025-ல் படிப்படியாக 5.25-க்கு இறங்கியது என்பது ஆறுதல்.

டாக்ஸ் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால், எந்த வரிமுறை என்று கேளுங்கள். புதிய முறையில், நீங்களே குடியிருக்கும் வீட்டின் லோன் வட்டிக்குக் கழிவு கிடையாது.

ஊர் வீடு எப்போது சரி?

அப்பா அம்மா இருக்கும் ஓடு ஒழுகுகிறது, பாத்ரூம் வீட்டுக்கு வெளியே இருக்கிறது, அம்மாவுக்கு முட்டி வலி. இதற்கு லாப நஷ்டக் கணக்கு பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. கட்டத்தான் வேண்டும். ஆனால் அவர்களுக்குத் தேவையான அளவுக்குக் கட்டுங்கள். கீழே இரண்டு ரூம் போதும் என்கிற இடத்தில், மாடியும் போர்டிகோவும் சொந்தக்காரர்கள் பார்ப்பதற்குத்தான். 10 லட்சம் லோனைப் பத்தே வருடத்தில் அடைத்தால் இ.எம்.ஐ. சுமார் 12,400, மொத்த வட்டி 5 லட்சத்துக்குள். 25 லட்சம் லோனுக்கு 20 வருடத்தில் போகும் வட்டி 27 லட்சம்.

அடுத்தது நிலம். அப்பா பெயரில் இருக்கும் மனையில் உங்கள் பெயருக்கு மட்டும் பேங்க் லேசில் லோன் தராது. அவரையும் லோனில் சேர்க்கச் சொல்லும், அல்லது மனையை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லும். அப்பா மகனுக்கோ மகளுக்கோ செட்டில்மெண்ட் எழுதினால் கிரயம் போல 9% இல்லை. முத்திரைத்தாள் 1%, அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1%, அதிகபட்சம் 10,000 ரூபாய்.

இங்கேதான் பல வீடுகளில் பேச்சு நின்றுபோகிறது. அது தாத்தா வழி வந்த பூர்வீக நிலமாக இருந்தால், அக்கா தங்கைக்கும் சம பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. நாடு முழுக்க 2005-ல். "அக்கா ஒரு கையெழுத்துப் போட்டுடும்" என்று அப்பா சொல்லலாம். கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே என்றும் சொல்வார். நகை போட்டதால் பங்கு போய்விடாது. பேங்க் வக்கீல் விடுதலைப் பத்திரம் கேட்பார் என்பதற்காகக் கடைசி நேரத்தில் அக்காவைப் பத்திர ஆபீஸுக்குக் கூட்டிப் போகாதீர்கள். பிளான் போடும் முன்பே உட்கார்ந்து பேசுங்கள், அவர் பங்குக்கு என்ன தருகிறீர்கள் என்பதையும் சேர்த்து.

அந்தப் பேச்சுக்கு முன், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தையும் வருவாய்த்துறை தளத்தில் பட்டாவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். போனிலேயே பார்க்கலாம். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், லோன் அப்ளிகேஷனுக்கு முன்னால் வாரிசுச் சான்றிதழ் வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும்.