ரெண்டு சிலிண்டர் போன கதை

2016ல போர்ஷே கம்பெனி பாக்ஸ்டர், கேமன் ரெண்டுலயும் ஆறு சிலிண்டர் எஞ்சினைத் தூக்கிட்டு நாலு சிலிண்டர் டர்போவை வச்சப்போ புலம்பித் தீர்த்தவங்கள்ல நானும் ஒருத்தன். (சொந்தமா வாங்கிட்டியான்னு கேக்காதீங்க. வீடியோவுல சத்தம் கேட்டதுக்கே இந்தப் பாடு!)

"பவர் கூடத்தானே செஞ்சிருக்கு, இன்னும் என்னய்யா?"ன்னாங்க. வாஸ்தவம்தான். சாதா பாக்ஸ்டர்ல 265 குதிரைசக்தி 300 ஆச்சு. டார்க் 280ல இருந்து 380 நியூட்டன் மீட்டர். சிக்கனமும் கூட.

ஆனா இந்த மாதிரி வண்டியை யாருங்க கணக்குப் பார்த்து வாங்குறா? பழைய எஞ்சின்ல ஆக்ஸிலேட்டரை மிதிச்சா அடுத்த நொடி பதில் வரும். 7000 ஆர்பிஎம் தாண்டினா கத்துற கத்துல புல்லரிக்கும். டர்போவுல அப்படி இல்ல. வெளிய போற புகை டர்பைனைச் சுத்தணும், அது காத்தை அமுக்கி உள்ள தள்ளணும், அப்புறம்தான் முழு வேகம். எவ்வளவு சீக்கிரம் நடந்தாலும் காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல ஒரு புரோக்கர் வந்து உக்காந்தாச்சு. சத்தம்? சுபாரு மாதிரி இருக்குன்னு பலரும் சொன்னாங்க. சுபாரு நல்ல வண்டிதான், அதுக்கு ஏன் போர்ஷே விலை கொடுக்கணும்?

புகை விதிமுறைகள் கடுமையாயிடுச்சு, வேற வழியில்லைன்னு நானும் மனசைத் தேத்திக்கிட்டேன். பார்த்தா 2019ல கேமன் ஜிடி4ல, டர்போ இல்லாத 4 லிட்டர் ஆறு சிலிண்டர்! 2020ல ஜிடிஎஸ்லயும் அதே. அப்போ வழி இருந்திருக்கு. என்ன, முன்னாடி இருக்கறதுலயே விலை கம்மியான பாக்ஸ்டர்ல சும்மா கிடைச்ச ஆறு சிலிண்டருக்கு அதுக்கப்புறம் உச்சாணி மாடல் விலை கொடுக்க வேண்டியதாச்சு. என் வயித்தெரிச்சல் அதுதான்.