காலிக்குப் போறீங்களா? அந்தப் பத்து அயிட்டம் லிஸ்ட்டைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போங்க

முதல்லயே சொல்லிடறேன், இது இலங்கையோட தெற்குக் கடற்கரையில இருக்கிற காலி நகரத்தைப் பத்தின பதிவு. 'காலி'ன்னு கேட்ட உடனே காலி பர்ஸ், காலி டப்பான்னு கடிக்க ரெடியா இருக்கிற மக்கள் எல்லாம் ஒரு நிமிஷம் கடிச்சு முடிச்சுட்டு வாங்க, வெயிட் பண்றேன். ஆச்சா? சரி, மேல போவோம்.

சென்னையில இருந்து கொழும்புக்கு ஃப்ளைட்ல ஒன்றரை மணி நேரம்தான். அதனால ஆபீஸ்ல லாங் வீக்கெண்ட் வந்தாலே யாராவது ஒருத்தர் இலங்கை கிளம்பிடறாங்க. கிளம்பறவங்க கையில எல்லாம் ஒரே லிஸ்ட். 'காலிக் கோட்டையில் செய்ய வேண்டிய பத்து விஷயங்கள்'. கலங்கரை விளக்கம் முன்னாடி போட்டோ, டச்சு சர்ச் முன்னாடி போட்டோ, ஏதோ ஒரு கலர் கதவு முன்னாடி போட்டோ, ஐஸ்கிரீம், ஷாப்பிங். டூர் வண்டிக்காரர் காலையில கொழும்புல ஏத்தி, வழியில ஆமைக் குஞ்சு காட்டி, ஆத்துல படகு விட்டு, சரியா உச்சி வெயில்ல கோட்டைக்குள்ள இறக்கி விடுவார். ரெண்டு மணி நேரம். திரும்பி வந்ததும் நம்மாளு சொல்ற விமர்சனம்: "நல்லாத்தான் இருக்கு மச்சி, ஆனா பெருசா ஒண்ணும் இல்ல."

இந்த 'பெருசா ஒண்ணும் இல்ல'வைத்தான் என்னால தாங்க முடியல. நான் போன வருஷம் அங்க மூணு ராத்திரி தங்கினேன். இப்ப நான் சொல்றது இதுதான்: காலிக்குப் போனா கோட்டைக்குள்ள ராத்திரி தங்கணும், அதுவும் ஒரு குடும்பம் வாழற வீட்டுல தங்கணும். அது முடியாதுன்னா போகாதீங்க, அந்த நேரத்துக்குக் கொழும்புலயே கொத்து ரொட்டி சாப்பிட்டுட்டு வந்துடுங்க. கொஞ்சம் ஓவரா பேசறேன்னு தோணுதா? காரணம் இருக்கு, கேளுங்க.

நமக்குக் கோட்டைன்னா என்ன? டிக்கெட் கவுண்ட்டர், புல்வெளி, தொல்லியல் துறையோட நீலப் பலகை, சுவத்துல இதயம் வரைஞ்சு அம்பு விட்ட காதல் ஜோடிகள். செஞ்சியில குடும்பத்தோட யாராவது குடியிருக்காங்களா? காலியில டிக்கெட்டே கிடையாது, ஏன்னா அது ஒரு ஊர். உள்ள ஸ்கூல் இருக்கு, பள்ளிவாசல் இருக்கு, புத்த விகாரை இருக்கு, சர்ச் இருக்கு, அரபுக் கல்லூரி இருக்கு. சாயங்காலம் பசங்க மதில் மேல பட்டம் விடறாங்க. போர்த்துகீசியர் 1588ல நிலத்துப் பக்கமா ஒரு கோட்டை கட்டினாங்க, 1640ல டச்சுக்காரங்க பிடிச்சு மூணு பக்கக் கடலையும் சேர்த்து மதில் எழுப்பினாங்க, 1796ல ஆங்கிலேயர் கைக்குப் போச்சு, 1988ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடம்னு அறிவிச்சுது. வரலாறு முடிஞ்சது. இதுக்கு மேல வேணும்னா கைடு சொல்வார், காசும் வாங்குவார் :-)

என்னைக் கேட்டா அங்க செய்ய வேண்டியது முதல்ல நடக்கறது. மதில் மேலேயே. நிதானமா நடந்தா ஒன்றரை மணி நேரம். காலையில ஆறு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு தடவை. காலையில உள்ளூர் பெரியவங்க வாக்கிங் போறாங்க, சாயங்காலம் மொத்தக் காலியும் குடும்பத்தோட வந்து உக்காந்திருக்கு. நிலத்துப் பக்கம் மூணு கொத்தளம், பேரு சூரியன், சந்திரன், நட்சத்திரம். சந்திரக் கொத்தளத்துல ஒரு மணிக்கூண்டு நிக்குது. 1883ல ஊர்க்காரங்க சேர்ந்து பணம் போட்டு ஒரு டாக்டரோட நினைவாக் கட்டினது. தளபதிக்கோ கவர்னருக்கோ இல்லாம ஒரு டாக்டருக்கு மணிக்கூண்டு வெச்ச ஊர்னா எனக்கு உடனே பிடிச்சுப் போச்சு.

அப்புறம் பழைய வாசல். அதுக்கு உள்பக்கம் நின்னு மேல பாருங்க. 1669னு வருஷம் போட்டு, ரெண்டு சிங்கம், தலைக்கு மேல ஒரு சேவல், நடுவுல மூணு எழுத்து: வி.ஓ.சி. தூத்துக்குடிக்காரன் எவனாவது பார்த்தா ஒரு செகண்ட் புல்லரிச்சுடும்! நம்ம வ.உ.சி. இல்லீங்க, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோட சுருக்கப் பேரு. ஆனா வேடிக்கை என்னன்னா, இந்த டச்சு வி.ஓ.சி. தூத்துக்குடியையும் 1658ல பிடிச்சு வெச்சிருந்தது. அதே தூத்துக்குடியில இருந்து, 1906ல கம்பெனி ஆரம்பிச்சுக் கொழும்புக்குக் கப்பல் விட்டவர் நம்ம வ.உ.சி. எந்த லிஸ்ட்லயும் இது இல்ல.

இன்னொரு மேட்டர், இன்ஜினியரிங் படிச்ச பாவத்துக்கு இதைச் சொல்லாம போக முடியாது. சாக்கடை. சிரிக்காதீங்க. டச்சுக்காரங்க தெருக்களுக்கு அடியில செங்கல் வெச்சுக் கழிவு நீர் வாய்க்கால் கட்டினாங்க. கடல் ஏறும்போது தண்ணி உள்ள வரும், இறங்கும்போது அழுக்கை அள்ளிக்கிட்டுப் போயிடும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது, மெயின்டெனன்ஸ் டீமுக்கு நைட் ஷிஃப்ட் கிடையாது. நாங்க எழுதற கோடு மூணு மாசம் தாங்கினாலே கேக் வெட்டறோம். சென்னையில ஒரு மழைக்கு எங்க தெரு என்ன ஆகும்னு தெரிஞ்சவன் அந்தத் தெருக்கள்ல நடக்கும்போது கொஞ்சம் பொறாமைப்படத்தான் செய்வான்.

மதில் எவ்வளவு கனம்னு தெரியணும்னா 2004 டிசம்பர் 26ஐ நினைச்சுப் பாருங்க. கோட்டைக்கு வெளிய பஸ் ஸ்டாண்டு, கிரிக்கெட் மைதானம், கடைவீதி எல்லாத்தையும் கடல் அடிச்சுட்டுப் போச்சு. உள்ள இருந்த ஊர் பெருமளவு தப்பிச்சுது. மதில் மேல நின்னு ஒரு பக்கம் பார்த்தா பழைய ஓட்டு வீடுகள், மறுபக்கம் பார்த்தா புதுசாக் கட்டின பஸ் ஸ்டாண்டு. எந்தப் பலகையும் தேவையில்ல, கண்ணுக்கே தெரியுது.

அந்த மைதானம் 2007 டிசம்பர்ல மறுபடியும் டெஸ்ட் மேட்ச் பார்த்தது. 2010 ஜூலை 22, அதே மைதானத்துல முரளிதரன் தன்னோட கடைசி டெஸ்ட்ல, கடைசிப் பந்துல, 800வது விக்கெட்டை எடுத்தார். அவுட்டானது நம்மாளு பிரக்யான் ஓஜா, ஸ்லிப்ல பிடிச்சது ஜெயவர்த்தன. (இந்தியா தோத்த மேட்ச்தான், இருந்தும் எனக்கு வருத்தம் வரல. தேசத் துரோகம்னு யாரும் கிளம்பாதீங்க.) மதில் மேல உக்காந்து ஓசியில டெஸ்ட் மேட்ச் பார்க்கிற சுகம் உலகத்துல வேற எங்கயும் கிடைக்குமான்னு தெரியல. 2021 ஜனவரியில கொரோனாவால ஆளுங்களை உள்ள விடாம டெஸ்ட் நடத்தினப்போ, அதைப் பார்க்கறதுக்காகவே பத்து மாசம் இலங்கையில காத்திருந்த ஒரு இங்கிலாந்து ரசிகர் மதில் மேல நின்னு பார்த்தார். முதல்ல போலீஸ் இறக்கி விட்டுச்சு, அப்புறம் விட்டுட்டாங்க. ஜோ ரூட் 228 அடிச்ச மேட்ச் அது. உங்க லீவு தேதியை டெஸ்ட் அட்டவணை பார்த்துப் போடுங்க. இதுதான் நான் கொடுக்கிற ஒரே டிப்ஸ்.

இப்ப நான் ஏன் ராத்திரி தங்கச் சொல்றேன்னு வர்றேன்.

நான் தங்கின வீடு ஒரு முஸ்லிம் பெரியவரோடது. முன்னாடி தூண் வெச்ச திண்ணை, உள்ள முற்றம், மாடியில ரெண்டு ரூம் வாடகைக்கு. நான் இங்கிலீஷ்ல தட்டுத் தடுமாறி ஆரம்பிக்க, அவர் சிரிச்சுக்கிட்டே "தம்பி இந்தியாவா? தமிழ்லயே பேசுங்களேன்"னார். கோட்டைக்குள்ள தலைமுறை தலைமுறையா இருக்கிற முஸ்லிம் குடும்பங்கள் பலதோட வீட்டு மொழி தமிழ்தான். பகல்ல ரெண்டு மணி நேரம் போட்டோ எடுக்கிற ஆளுக்கு இது தெரிய வாய்ப்பே இல்ல. காலையில இடியாப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். ராத்திரி திண்ணையில பிளேன்டீயோட அவர் சொன்னது: "எங்கட வாப்பா காலத்துல இந்தத் தெருவுல எல்லா வூட்டுலயும் ஆள் இருந்த. இப்ப எண்ணிப் பாருங்க." எண்ணிப் பார்த்தேன். அந்தச் சின்னத் தெருவுல ராத்திரி வெளிச்சம் இருந்த கட்டடங்கள்ல பாதிக்கு மேல ஹோட்டல், கஃபே, நகைக்கடை.

2000களின் தொடக்கத்துல வெளிநாட்டுக்காரங்க கோட்டைக்குள்ள வீடுகளை வாங்க ஆரம்பிச்சாங்க. விலை ஏறுச்சு. கூட்டுச் சொத்தா இருந்த வீட்டுல அண்ணன் தம்பி நாலு பேர்னா, வித்துப் பங்கு பிரிக்கறதுதான் சுலபம். வித்தவங்களை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கு மயிலாப்பூர்ல அப்படி ஒரு வீடு இருந்திருந்தா நானும் எப்பவோ வித்திருப்பேன். வாங்கினவங்களையும் முழுசாத் திட்ட முடியாது. இடிஞ்சு விழற நிலையில இருந்த பல வீடுகளை ஒழுங்காச் சீர் பண்ணினது அந்தப் பணம்தான். ஆனா சீர் பண்ணின வீட்டுல யாரும் வாழல. ஒரு ராத்திரிக்கு நம்ம ஒரு மாசச் சம்பளத்துல பாதியைக் கேக்கற ரூம்தான் இருக்கு.

"அப்போ டூரிஸ்ட்டே வரக்கூடாதுங்கறியா?"ன்னு கேட்டா, இல்ல. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அடுத்து கொரோனா, 2022ல பெட்ரோலுக்கு நாள் கணக்கா க்யூ. டூரிஸ்ட் வராத வருஷங்கள் எப்படி இருக்கும்னு அந்த ஊருக்கு நம்மளவிட நல்லாத் தெரியும். நான் கேக்கறது, நம்ம காசு யார் கைக்குப் போகுதுங்கறதை மட்டும் பாருங்கன்னு. பகல்ல வந்து பகல்ல போறவன் ஐஸ்கிரீம் கடைக்கும் டி-சர்ட் கடைக்கும்தான் காசு கொடுக்கறான், அப்ப வீடெல்லாம் கடையா மாறும். ராத்திரி தங்கறவன் அந்தப் பெரியவர் வீட்டு மாடிக்குக் காசு கொடுத்தா, அவர் இன்னும் பத்து வருஷம் விக்காம இருக்கலாம். கணக்கு அவ்வளவுதான். இதுல தியாகமும் இல்ல, ஹோட்டலைவிட ஹோம்ஸ்டே வாடகை கம்மி, இடியாப்பம் வேற.

கொடிமரப் பாறைப் பக்கம் பசங்க மதில்ல இருந்து கடல்ல குதிச்சுக் காட்டறேன்னு காசு கேப்பாங்க. கீழ பூரா பாறை. லிஸ்ட்ல இதையும் ஒரு 'அனுபவமா' போட்டிருக்காங்க. நான் கொடுக்கல. நீங்களும் கொடுக்காதீங்க. நம்ம போட்டோவுக்காக ஒருத்தன் மண்டை உடையற ரிஸ்க் எடுக்கறது என்னங்க பொழுதுபோக்கு?

ஒண்ணே ஒண்ணு மட்டும் கோட்டைக்கு வெளிய, அதுவும் போற வழியிலயே. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துல ஒரு கல் இருக்கு. 1911ல காலியில ஒரு இன்ஜினியர் கண்டுபிடிச்சது, அதுவரைக்கும் அது ஒரு வாய்க்காலுக்கு மூடியாக் கிடந்திருக்கு! சீனத் தளபதி செங் ஹே 1409ன்னு தேதி போட்டுக் கொண்டு வந்த கல்வெட்டு. சீனம், பாரசீகம், தமிழ்னு மூணு மொழி. சீனத்துல புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்துல அல்லாவுக்கு, தமிழ்ல தேனாவரை நாயனாருக்கு, அதாவது இலங்கையோட தெற்கு முனையில இருந்த பெருமாளுக்கு. அந்தக் கோயிலைப் பின்னாடி போர்த்துகீசியர் இடிச்சுட்டாங்க. மூணு சாமிக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு தங்கம், வெள்ளி, பட்டு. எந்தப் பக்கமும் மனசு கோணாத பேலன்ஸ், நம்ம ஹெச்.ஆர். மெயில் மாதிரி :-) காலி துறைமுகத்துல 600 வருஷம் முன்னாடி தமிழ் எந்த இடத்துல இருந்ததுங்கறதுக்கு இதைவிட என்ன வேணும்? இதைப் பார்த்துட்டுக் கோட்டைக்குள்ள போய், வீட்டுக்காரர் தமிழ்ல "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டா அது வேற மாதிரி காதுல விழும்.

கொழும்புல இருந்து எக்ஸ்பிரஸ்வேல போனா வேகமாப் போகலாம், ஆனா ரயில்ல போங்க. ரெண்டரை மணி நேரம் பக்கம் ஆகும், வலது பக்கம் உக்காருங்க, தண்டவாளத்துக்குப் பக்கத்துலயே கடல். ஹிக்கடுவைக்குக் கொஞ்சம் முன்னாடி பெரலிய வரும்போது மட்டும் கவனிச்சுப் பாருங்க. 2004ல சுனாமி ஒரு முழு ரயிலையே புரட்டிப் போட்ட இடம். 1,700 பேருக்கு மேல செத்துப் போனாங்க. பெரிய புத்தர் சிலை ஒண்ணு நிக்கும். எங்க பெட்டியில அதுவரைக்கும் கத்திக்கிட்டு வந்த காலேஜ் பசங்க அந்த ஒரு நிமிஷம் சத்தம் போடல.

டிஸ்கி: டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் கடல் அமைதியா இருக்கும். மே மாசத்துக்கு மேல தென்மேற்குப் பருவமழை, மதில் மேல குடை நிக்காது. ஹோம்ஸ்டே விவரம் வேணும்ங்கறவங்க பின்னூட்டத்துல கேக்காதீங்க, அவர்கிட்ட இருக்கறது ரெண்டே ரூம், அடுத்த டெஸ்ட் மேட்சுக்கு ஒண்ணை நான் ஏற்கெனவே சொல்லி வெச்சுட்டேன்.