ரீஸ்டார்ட் பண்ணினால் போதுமா?

லேப்பில் சிஸ்டம் இழுக்க ஆரம்பித்தால் நம்மில் யாராவது ஒருவர் உடனே சொல்வது, "ரீஸ்டார்ட் பண்ணுடா, சரியாப் போகும்." சரியாகத்தான் போகிறது, மறுபடி இழுக்கும் வரை! நாளைக்கு ரிப்பேர் பார்க்கப் போகிற டிப்ளமோக்காரர்கள் நாம். காரணம் தேடாத இந்தப் பழக்கம் நமக்கு ஆகாது என்பது என் கருத்து.

ஆனைக்குட்டத்தில் கசிவைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். அர்ஜுனா நதியின் குறுக்கே நிற்கும் நம் அணை, விருதுநகருக்குக் குடிதண்ணீர் தந்த அணை. அதன் ஷட்டர் வழியே தண்ணீர் வீணாய்ப் போனதைப் பல வருடம் பார்த்திருக்கிறோம். மழை பெய்தால் அணை நிரம்பும். ஓட்டை அப்படியேதான் இருக்கும். ரீஸ்டார்ட் என்பது அந்த மழை மாதிரி.

சி பாடத்தில் மாலாக், ஃப்ரீ இரண்டும் படித்தோம். சாதாரண புரோகிராம் ஒன்று வாங்கிய மெமரியைத் திருப்பித் தர மறந்தாலும், அது முடிந்ததும் கெர்னல் மொத்தத்தையும் பிடுங்கிக்கொள்ளும். கெர்னலே மறந்தால்? கேட்க மேலே ஆள் கிடையாது. மெஷினை அணைக்கும் வரை போனது போனதுதான். திருப்பிக் கொடுத்த இடத்தை மறுபடி தொடுவது இன்னும் மோசம். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் அறைகளை ஏன் தள்ளித் தள்ளிக் கட்டுகிறார்கள்? ஒன்றில் பிடித்த தீ அடுத்ததற்குப் போகக் கூடாது என்றுதான். புரோகிராம்களுக்கு அப்படித் தனி அறை உண்டு. லினக்ஸ் கெர்னலுக்குள் அந்த இடைவெளி இல்லை. ஒரு டிரைவர் செய்த தப்பில் மொத்த சிஸ்டமும் விழலாம்.

இதெல்லாம் ஐ.ஐ.டி.க்காரர்கள் வேலை என்று ஒதுங்க வேண்டாம். 2011 முதல் நம் அண்ணன், அக்காமார் வாங்கிய அரசு லேப்டாப்பில் விண்டோசோடு சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்சும் இருந்தது. உள்ளே இருப்பது அதே லினக்ஸ் கெர்னல்தான். எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்?

கசிவு பெரும்பாலும் எங்கே ஒளிந்திருக்கும் தெரியுமா? வேலை நடுவில் கெட்டுப் போகிற பாதையில். டிரைவர் மூன்று தடவை மெமரி கேட்கிறது. இரண்டு கிடைத்து மூன்றாவது கிடைக்கவில்லை. உடனே 'முடியவில்லை' என்று திரும்பி வந்துவிட்டால் முதல் இரண்டும் அம்போ. அவற்றைத் தலைகீழ் வரிசையில் விடுவித்துவிட்டு வர வேண்டும். இதற்குக் கெர்னல்காரர்கள் 'கோட்டூ'வைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். (வகுப்பில் கோட்டூ எழுதினால் மார்க் போகும்!) திருத்தம் சில சமயம் இரண்டே வரிதான்.

தேடக் கருவியும் உண்டு. 2009-ல் 2.6.31 பதிப்போடு 'கேமெம்லீக்' வந்தது. அதை இயக்கி வைத்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெமரியைத் துழாவி, எந்தப் பாயின்டரும் சுட்டாத துண்டுகளைச் சொல்லும். திருப்பிக் கொடுத்த இடத்தைத் தொடுபவரைப் பிடிக்க 2015-ல், 4.0 பதிப்பில் 'கேசான்' சேர்ந்தது. கருவி காட்டியதெல்லாம் பிழை ஆகிவிடாது. வாங்கியவர் யார், திருப்பித் தர வேண்டியவர் யார் என்று கோடைப் படித்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும். மெக்கானிக் காது வைத்து எஞ்சினைக் கேட்பது போன்ற வேலை, நமக்குப் பழக்கமானதுதானே!

திருத்தத்தை அந்தப் பகுதியின் பொறுப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம். பி.இ.யா, டிப்ளமோவா என்ற கேள்வி அங்கே வராது. எதனால் கசிந்தது, நீ எப்படி அடைத்தாய் என்றுதான் கேட்பார்கள்.

கடையில் காசு கொடுத்து புராஜெக்ட் வாங்கும் கூத்து ஊரறிந்தது. அதற்குப் பதிலாக இறுதியாண்டில் ஒரு குழுவாவது ஒரு கசிவைத் தேடி அடைக்கட்டும். பழைய மெஷின் இரண்டு போதும். அந்த இரண்டையும் நிர்வாகத்திடம் கேட்டு வாங்கித் தருவது வருகிற ஆண்டு நம் பேரவையின் முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

— மூன்றாமாண்டு மாணவன், கம்ப்யூட்டர் பிரிவு