காலேஜ் கூடைப்பந்தும் கேம்பஸ் இண்டர்வியூவும்

மார்ச் மாசம் வந்தா இங்க ஆபீஸ்ல ஒருத்தனும் ஆணி புடுங்கறதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளோட கூடைப்பந்து போட்டி. 68 டீம், ஒரு ஆட்டம் தோத்தா மூட்டை கட்ட வேண்டியதுதான். யார் யாரை ஜெயிப்பாங்கன்னு ஆளுக்கு ஒரு கட்டம் நிரப்பி, அஞ்சு டாலர் வச்சு, சுவத்துல ஒட்டி வச்சிருப்பாங்க. முதல் வருஷம் எனக்கு ஒரு மண்ணும் தெரியாம, பேர் நல்லா இருந்த டீமையெல்லாம் ஜெயிக்க வச்சேன். கடைசி இடம். நான் குப்பை கொட்டறது இந்தியானாவுல. இங்க வந்து கூடைப்பந்து தெரியாதுன்னு சொல்றது, மதுரையில நின்னுக்கிட்டு ஜிகர்தண்டான்னா என்னன்னு கேக்கற மாதிரி.

சரி, விஷயத்துக்கு வரேன். ஆட்டத்தை விட இவங்க ஆள் எடுக்கற கதைதான் என்னை உள்ள இழுத்துச்சு. ஏன்னா பொட்டி தட்டற நம்ம பொழப்புலயும் அதே கதைதான் ஓடுது.

எப்படி எடுக்கறாங்கன்னா, கோடை லீவுல ஷூ கம்பெனிங்க நடத்தற போட்டிகள்ல 15, 16 வயசுப் பசங்க ஆடுவாங்க. சுத்தி நாற்காலி போட்டு கோச்சுங்க உக்காந்திருப்பாங்க. பசங்களுக்கு நட்சத்திரம் கொடுத்து தரவரிசை போட தனியா ஆளுங்க உண்டு. அஞ்சு நட்சத்திரம் வாங்கின பையன் வீட்டு வாசல்ல நாட்டுல இருக்கற பெரிய கோச் எல்லாம் நிப்பாங்க. இதுல கள்ளப்பணமும் புழங்கினது உண்மை. 2017 செப்டம்பர்ல எஃப்பிஐ பத்து பேரைக் கைது பண்ணுச்சு, அதுல நாலு பேர் உதவி கோச்.

எடுத்ததுக்கு அப்புறம் என்ன பண்றதுங்கறதுல ரெண்டு கட்சி. முதல் கட்சிக்குத் தலைவர்னா கென்டக்கியில 2009லிருந்து 2024 வரை இருந்த ஜான் கலிபாரி. என்பிஏவுல சேர 19 வயசு ஆகணும்னு 2006 டிராஃப்ட்லிருந்து விதி வந்துச்சு. பள்ளிக்கூடம் முடிச்ச சூரப்புலிங்க ஒரு வருஷத்தை எங்கயாவது ஓட்டணும். 'என்கிட்ட வா, ஒரே வருஷம், அப்புறம் என்பிஏ'ன்னு கூப்பிட்டார். 2012ல ஆண்டனி டேவிஸை வச்சு கோப்பையும் அடிச்சார். அடுத்த வருஷம் புது செட்.

இன்னொரு கட்சி, பேர் தெரியாத பையனைப் பிடிச்சு நாலஞ்சு வருஷம் அடைகாக்கற கட்சி. இவங்க கையில 'ரெட்ஷர்ட்'னு ஒரு ஏற்பாடு இருக்கு. அந்த வருஷம் பயிற்சி மட்டும், ஆட்டத்துல இறங்கக் கூடாது, பதிலுக்கு ஆடற வருஷக் கணக்குல அது குறையாது. வில்லனோவாவுல மிகல் பிரிட்ஜஸை அப்படித்தான் ஒரு வருஷம் உக்கார வச்சாங்க. அந்தப் பையன் 2016, 2018ன்னு ரெண்டு கோப்பை ஜெயிச்ச டீம்ல இருந்துட்டு, முதல் சுற்றுல பத்தாவது ஆளா என்பிஏவுக்குப் போனான்.

ரெண்டு கட்சியும் நேருக்கு நேர் மோதின ஆட்டம் 2015 அரையிறுதி. கென்டக்கி அதுவரைக்கும் 38 ஆட்டம், ஒண்ணு கூட தோக்கலை. எதிர்ல விஸ்கான்சின். அதுல ஃப்ராங்க் கமின்ஸ்கின்னு ஏழடி ஆள். முதல் வருஷம் ஆட்டத்துக்கு சராசரி 1.8 புள்ளி, ரெண்டாவது வருஷம் 4.2. நம்ம ஊர் கம்பெனியா இருந்தா அப்ரைசல்லயே ஆளைத் தூக்கியிருப்பாங்க. நாலாவது வருஷம் நாட்டோட சிறந்த ஆட்டக்காரர். விஸ்கான்சின் 71-64ன்னு ஜெயிச்சுது. (உடனே விசிலடிக்க வேணாம். ஃபைனல்ல முதல் வருஷப் பசங்களை நம்பி வந்த டியூக் அதே விஸ்கான்சினைக் கவுத்துடுச்சு. வாழ்க்கை அவ்வளவு ஒழுங்கா இல்லை.)

எங்க ஊர்ப் பெருமையையும் சொல்லிடறேன். பர்டூ. கோச் மேட் பெய்ன்டர் 2005லிருந்து இங்கயேதான். டொரான்டோவுலிருந்து சாக் ஈடின்னு ஏழடி நாலு அங்குலப் பையன் வந்தான். அதுவரைக்கும் ஐஸ் ஹாக்கி, பேஸ்பால்னு ஆடிட்டு, பத்தாங்கிளாஸ் சமயத்துலதான் கூடைப்பந்தையே தொட்டவன். தரவரிசையில நானூறுக்கும் கீழ. முதல் வருஷம் சராசரி 8.7 புள்ளி. நாலாவது வருஷம் 25.2. 2023, 2024ன்னு அடுத்தடுத்து ரெண்டு வருஷம் நாட்டோட சிறந்த ஆட்டக்காரர் விருது. ரால்ஃப் சாம்ப்சனுக்கு அப்புறம் நாப்பது வருஷமா யாரும் தொடர்ச்சியா வாங்காதது. 2023ல கடைசித் தரவரிசை டீம் ஒண்ணுகிட்ட பர்டூ முதல் ஆட்டத்துலயே தோத்து, ஊரே சிரிச்சுது. அப்பவும் அவன் வேற காலேஜுக்கு ஓடலை. அடுத்த வருஷம் ஃபைனல். அதுலயும் தோல்விதான், ஆனா 37 புள்ளி அடிச்சுட்டுத் தோத்தான்.

'ஓடலை'ன்னு ஏன் சொல்றேன்னா, ஓடறது அப்ப ரொம்ப சுலபம். முன்னெல்லாம் காலேஜ் மாறினா ஒரு வருஷம் ஆடாம உக்காரணும். 2018ல டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்னு ஒண்ணு வந்துச்சு. பேரைப் போட்டா எந்தக் காலேஜும் பேசலாம். 2021ல ஒரு தடவை மாறினா உக்கார வேணாம்னாங்க. 2024ல எத்தனை தடவை வேணும்னாலும் மாறலாம்னு ஆயிடுச்சு. நடுவுல 2021 ஜூலையில ஆட்டக்காரங்க தங்களோட பேரையும் முகத்தையும் வச்சு சம்பாதிக்கலாம்னு கதவு திறந்துச்சு. 2025 ஜூலையிலிருந்து காலேஜே நேரடியா பணம் கொடுக்கலாம், முதல் வருஷம் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு காலேஜுக்கு 20.5 மில்லியன் டாலர் வரை.

இதைப் பார்த்து 'ஐயோ, விசுவாசம் போச்சு'ன்னு அழற பழைய ஆளுங்க கட்சியில நான் இல்லை. ஏன்னா கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தணும். நான் முதல்ல சேர்ந்த கம்பெனியில ரெண்டு வருஷம் பாண்டு. ஒரிஜினல் சர்டிபிகேட்டை எல்லாம் ஹெச்ஆர் பீரோவுல பூட்டி வச்சுட்டாங்க. எங்க மேனேஜர் மட்டும் ஆறே மாசத்துல எதிர்க் கம்பெனிக்குத் தாவினார். கேக் வெட்டி அனுப்பினோம். இங்கயும் அதே கூத்துதான் நடந்துது. கோச் இன்னிக்கு ராத்திரி அடுத்த காலேஜ்ல கையெழுத்துப் போட்டு நாளைக்கே வேலையை ஆரம்பிக்கலாம், ஆனா அவரை நம்பி வந்த பையன் ஒரு வருஷம் பெஞ்சு தேய்க்கணும். அது ஒழிஞ்சது நல்லதுதான்.

ஆனா கதையோட மறுபக்கமும் எனக்கு நடந்துது. ரெண்டாவது கம்பெனியில என் கீழ ஒரு ஃப்ரெஷர். சிவில் படிச்சுட்டு வந்த பையன், லூப் எழுதச் சொன்னா வேர்த்துடும். எட்டு மாசம் பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுத்தேன். அவன் எழுதின கோடை ராத்திரி வீட்டுல வச்சுத் திருத்தியிருக்கேன். ஒம்பதாவது மாசம், 'அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, எண்பது பர்சன்ட் ஜாஸ்தி தராங்க'ன்னான். தப்பா எடுத்துக்கிட்டேன். ரெண்டு நாள் பேசலை. அப்புறம் பாண்டு ஞாபகம் வந்து நானே போய் வாழ்த்து சொன்னேன். பிரச்சனை அவன் போனதுல இல்லை. அடுத்த வருஷம் எங்க மேனேஜர், 'ஃப்ரெஷர் வேணாம்பா, மூணு வருஷம் எங்கயாவது அடிபட்டவனா எடு'ன்னார். என்னாலயும் மறுத்துப் பேச முடியலை.

காலேஜ் கூடைப்பந்துல இப்ப நடக்கறது அதுதான். 22 வயசு ஆளை போர்ட்டல்ல எடுக்க முடியும்னா, 18 வயசுல எலும்பும் தோலுமா நிக்கற பையனுக்கு எந்தக் கோச் இடம் கொடுப்பார்? நஷ்டம் அஞ்சு நட்சத்திரத்துக்கு இல்லை, நானூத்தி சொச்சமாவது இடத்துல நிக்கறவனுக்கு. வர்ஜீனியாவுக்கு 2019ல கோப்பை வாங்கிக் கொடுத்த டோனி பென்னட், இந்தச் சூழலுக்கு நான் சரிப்பட மாட்டேன்னு 2024 அக்டோபர்ல, சீசன் தொடங்க சில வாரம் இருக்கறப்ப ஒதுங்கிட்டார். 2022ல ஜெர்சி சிட்டியிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்னு ஒரு குட்டிக் காலேஜ் வந்து கென்டக்கியை, எங்க பர்டூவைக் கூட வீட்டுக்கு அனுப்பி கடைசி எட்டுக்குப் போச்சு. ஒரே மாசம், கோச் போனார், முக்கியமான பசங்களும் ஆளுக்கொரு பக்கம். 2025ல கடைசி பதினாறு டீமும் நாலே நாலு பெரிய மண்டலங்களுக்குள்ள முடிஞ்சுது.

அந்த வருஷம் கோப்பை அடிச்ச ஃப்ளோரிடாவையே எடுத்துக்கோங்க. நல்ல டீம், நானும் கை தட்டினேன். ஆனா வால்டர் கிளேட்டன் அயோனாவுலிருந்து, அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லாண்டிக்லிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மான்ட்லிருந்து வந்தவங்க. யாரோ விதைச்சு, தண்ணி ஊத்தி, பூச்சி பிடுங்கின பயிர். அந்த மூணு காலேஜுக்கும் என்ன கிடைச்சுது? டிவியில ரெண்டு செகண்ட் பேர் வந்துது.

கால்பந்துல இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. ஆள் விலைக்குக் கை மாறினா, அந்தத் தொகையில 5 சதவீதம் அவனை 12லிருந்து 23 வயசுக்குள்ள பயிற்றுவிச்ச கிளப்புகளுக்குப் பிரிச்சுப் போகும். இதை அப்படியே இங்க கொண்டு வந்தா ஒரு சிக்கல். எடுக்கற காலேஜ் காசு கட்டணும்னா, அதைப் பையன் சம்பளத்துலதான் கழிப்பாங்க. வேற பேர்ல பாண்டு. கோர்ட்டும் விடாது.

என் யோசனை வேற. இந்த மார்ச் போட்டியோட டிவி உரிமை 2025லிருந்து 2032 வரை 8.8 பில்லியன் டாலர். அதுல ஒரு பங்கை 'யூனிட்'னு பிரிக்கறாங்க. ஒரு டீம் ஆடற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் (ஃபைனலைத் தவிர) அதோட மண்டலத்துக்கு ஒரு யூனிட், ஆறு வருஷத்துல பணமா வரும். அந்த யூனிட்ல ஒரு பகுதியை, அந்த ஆட்டத்துல இறங்கினவங்களோட முந்தின காலேஜுக்கு, அங்க ஆடின வருஷக் கணக்குப்படி கொடுக்கட்டும். பையன் பாக்கெட்ல ஒரு பைசா குறையாது, அவன் போறதையும் யாரும் தடுக்கலை. அயோனா கோச்சுக்கு, இன்னொரு கிளேட்டனைத் தேடி வெயில்ல அலைய ஒரு காரணம் கிடைக்கும்.

பெரிய மண்டலங்க இதுக்கு ஒத்துக்குமான்னு கேட்டா, லேசுல ஒத்துக்காது. கணக்கு எழுதறதும் அவங்கதானே.

அந்த சிவில் பையன் இப்ப டீம் லீடு. போன மாசம் மெசேஜ் பண்ணியிருந்தான். அவன் கீழ ஒரு ஃப்ரெஷர் சேர்ந்திருக்கானாம், எட்டு மாசம் ஓட்டி முடிச்சதும் ஓடிடுவானோன்னு பயமா இருக்காம். 'ஓடத்தான்டா செய்வான், நீ லூப்ல இருந்து ஆரம்பி'ன்னு பதில் போட்டேன்.

டிஸ்கி: இந்தத் தடவையும் என் கட்டத்துல பர்டூதான் ஜெயிக்கும். தரவரிசை, புள்ளிவிவரம் எதையும் காட்டி யாரும் மனசை மாத்த வராதீங்க. அஞ்சு டாலர் என்னோடது.