புகையானும் பக்கத்து ஊர் நெல்லும்

சகோதரிகளே, வயலில் பூச்சி விழுந்தால் அது ஆண்கள் பாடு என்று இருந்துவிடாதீர்கள். கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போன பிறகுதான் எனக்கே புத்தி வந்தது!

எங்கள் வடகரையில் அடவிநயினார் அணைத் தண்ணீரை நம்பிப் பிசான நெல் போடுகிறோம். ஒரு வருஷம் கதிர் பால் பிடிக்கும் சமயம், வயல் நடுவே வட்ட வட்டமாகத் தீய்ந்து கிடந்தது. "ஏளா, புகையான்லா விழுந்திருக்கு!" என்று அத்தை தலையில் கை வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் பதினைந்து நாளில் மூன்று தடவை மருந்து அடித்தார். பூச்சி கூடியதே தவிரக் குறையவில்லை. சங்கிலி போனது அந்த மருந்துக்குத்தான்.

காரணம் பிறகுதான் விளங்கியது. புகையான் என்கிற தத்துப்பூச்சி, தண்ணீருக்குச் சற்று மேலே தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலே அடித்த மருந்து அதை எட்டவில்லை. அதைத் தின்னும் சிலந்திகளைத்தான் கொன்றது. அளவுக்கு மிஞ்சிய யூரியாவும் பூச்சிக்கு விருந்து.

இப்போது எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நடுகிறோம். யூரியாவைப் பிரித்துப் போடுகிறோம். பூச்சி கண்டால் முதலில் தண்ணீரை வடிக்கிறோம். தூரைத் தட்டிப் பார்ப்பது என் வேலை.

இன்னொரு சங்கதி கேளுங்கள். பூச்சியைத் தானே தாங்கும் நெல்லும் உண்டு! நம் அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி. 7 அப்படிப்பட்டது. அதிலுள்ள எதிர்ப்புக் குணத்துக்கான மரபணுவை 1971-ல் பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் எடுத்துச் சொன்னார்கள். இத்தகைய பயிரில் பூச்சி வாய் வைத்தாலும் வயிறு நிறையக் குடிக்க முடியாது, முட்டையும் குறையும்.

ஆனால் பூச்சியும் லேசுப்பட்டதல்ல. 1973-ல் வந்த ஐ.ஆர். 26 நெல்லைச் சில வருஷங்களிலேயே அது ஜெயித்துவிட்டது. ஏ.எஸ்.டி. 7-ன் குணமும் நம் நாட்டுப் புகையானிடம் எடுபடுவதில்லை. கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி. 33 தாங்குகிறது, அதில் ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்ப்புக் குணங்கள் இருப்பதுதான் காரணம். ஆகவே ஒரே ரகத்தையே வருஷா வருஷம் நம்பக்கூடாது.

விதை வாங்கும்போது, "விளைச்சல் எவ்வளவு?" என்பதோடு, "எந்தப் பூச்சியைத் தாங்கும்?" என்றும் கேட்கச் சொல்லுங்கள். மருந்து டப்பாவை அரிசிப் பானை பக்கம் அண்டவிடாதீர்கள். காலி டப்பாவில் எண்ணெய் கூட ஊற்றாதீர்கள். பிள்ளைகள் இருக்கிற வீடு அல்லவா?