தாங்குமா மடக்கு சைக்கிள்?

டாக்டர் தினமும் சைக்கிள் ஓட்டச் சொல்கிறார். கடைக்காரர் வந்தவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். நாட்டின் எந்தப் பெருநகரத்திலும் நடக்கக்கூடிய காட்சி இது. வாங்க வந்தவரின் எடை 108 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்பது மடக்கு சைக்கிள். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை மிதித்து, மடக்கி ரயிலில் ஏற்றி, அலுவலகத்தில் மேஜைக்கு அடியில் தள்ளிவிடலாம். கொச்சி மெட்ரோ 2020இல் சைக்கிள்களை அனுமதித்தது. பெங்களூர் மெட்ரோ 2022 ஜூனில் மடக்கு சைக்கிளுக்குக் கதவைத் திறந்தது. வசதியெல்லாம் வந்துவிட்டது. ஆனால் அவருக்கு ஒரு பயம் இருக்கிறது: ஓட்டிக்கொண்டிருக்கும்போது நடுவில் முறிந்துவிட்டால்?

சாதாரணக் கறுப்புச் சைக்கிளைப் பற்றி யாரும் இப்படிக் கேட்பதில்லை. பால் கேன்கள், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, போதாததற்கு கேரியரில் ஓர் ஆள் என்று அது சுமக்காத பாரம் இல்லை. அந்தப் பலம் அதன் முக்கோணங்களில் இருக்கிறது. முக்கோணத்தில் இறங்கும் பாரம் குழாய்களைப் பெரும்பாலும் நீளவாக்கில் அழுத்தும், அல்லது இழுக்கும். இரும்புக் குழாயை நீளவாக்கில் நசுக்குவது கஷ்டம். குறுக்கே வளைப்பது சுலபம்.

மடக்க வேண்டுமானால் அந்த முக்கோணத்தைக் கலைத்தாக வேண்டும். பெரும்பாலான மாடல்களில் மேல் பார் போய்விடுகிறது. மிஞ்சுவது ஒரே ஒரு தடித்த குழாய், அதன் நடுவில் ஒரு கீல். சக்கரங்கள் சிறியவை என்பதால் சீட்டையும் ஹேண்டில்பாரையும் நீண்ட கம்பங்களில் உயர்த்த வேண்டியிருக்கிறது. கம்பம் நீள நீள, அதன் அடியில் விழும் நெம்பு விசையும் கூடும். தவிர, பெரிய சக்கரம் உருண்டு கடந்துவிடும் பள்ளத்தில் 16 அங்குலச் சக்கரம் விழுந்து எழும். ஒவ்வொரு அடியும் ஃபிரேமுக்குத்தான் போகிறது.

இந்தச் சிக்கலோடு பொறியாளர்கள் நெடுநாளாக மல்லுக்கட்டி வருகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பி.எஸ்.ஏ. நிறுவனம் பாராசூட் வீரர்களுக்காக மடக்கு சைக்கிள் செய்தபோது, வளைந்த குழாய்களை இரட்டையாக ஓடவிட்டு இரண்டு கீல்களை வைத்தது. 1970களில் ஹாரி பிக்கர்டன் என்ற ஆங்கிலேயர் அலுமினியத்தில் மிக லேசான ஒன்றைச் செய்தார். தூக்கச் சுகமாக இருந்தது. ஆனால் ஏற்றத்தில் ஹேண்டில்பாரை இழுத்து மிதித்தால் நெளிகிறது என்று பெயர் வாங்கியது. அதே பத்தாண்டில் லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி உருவாக்கிய பிராம்ப்டன், எஃகுக் குழாய்க்குத் திரும்பியது.

'இத்தனை கிலோ வரை தாங்கும்' என்று ஸ்டிக்கரில் இருப்பதைப் பலரும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். 110 கிலோ என்று போட்டிருந்தால் 111ஆவது கிலோவில் முறிந்துவிடும் என்று அர்த்தமல்ல. எவ்வளவு பாரம் என்பதோடு எத்தனை தடவை என்பதையும் உலோகம் கணக்கு வைத்துக்கொள்கிறது. கம்பியை ஒரு தடவை வளைத்தால் முறியாது. மாற்றி மாற்றி வளைத்தால் முறிந்துவிடும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகளை வைத்து ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் இதை முறைப்படி ஆராய்ந்தார். 1954இல் காமெட் ஜெட் விமானங்கள் வானில் சிதறியபோது உலகமே இதைப் பற்றிப் பேசியது.

வெல்டிங் இணைப்புகளுக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு கனமானவர்களுக்குச் சாதகமாக இல்லை. அழுத்தம் கால் பங்கு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும். அதாவது 80 கிலோ ஆளிடம் 10 ஆண்டு உழைக்கக்கூடிய இணைப்பு, அதே பாதையில் அதே தூரம் ஓட்டும் 100 கிலோ ஆளிடம் 5 ஆண்டில் விரிசல் விடலாம். எஃகுக்கு ஒரு சலுகை உண்டு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கும் அழுத்தத்தை அது எத்தனை தடவை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளும். துருப்பிடித்தால் அந்தச் சலுகையும் போய்விடும் என்பதை மும்பைவாசிகளும் கொச்சிவாசிகளும் நினைவில் வைப்பது நல்லது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லையே கிடையாது. அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் அலுமினியக் குழாயைப் பருமனாகச் செய்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். அப்படிச் செய்தவை நன்றாகவே உழைக்கின்றன.

சோதனை செய்யாமலா விற்கிறார்கள் என்று கேட்கலாம். செய்கிறார்கள். சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 4210இன்படி நகர சைக்கிளின் பெடல்களை மாற்றி மாற்றி 1,000 நியூட்டன் விசையில் ஒரு லட்சம் தடவை அழுத்துகிறார்கள். விரிசல் விழுந்தால் தேர்வில் தோல்வி. 1,000 நியூட்டன் என்பது சுமார் 102 கிலோ எடை. 65 கிலோ ஆளுக்கு இது மிகக் கடுமையான சோதனை. நம் 108 கிலோக்காரரோ மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சோதனை விசையைத் தாண்டிவிடுகிறார். நிமிடத்துக்கு 60 சுற்று என்று மிதித்தால் ஒரு லட்சம் சுற்று 28 மணி நேரத்தில் முடிந்துவிடும். யாரும் எப்போதும் நின்றுகொண்டே ஓட்டுவதில்லை என்பதுதான் ஆறுதல்.

இதிலேயே ஒரு வழியும் கிடைக்கிறது. உட்கார்ந்து, கியரைக் குறைத்து, லேசாக மிதித்தால் எடையின் பெரும் பகுதி சீட்டில் இருக்கும். பெடலில் இறங்கும் விசை வெகுவாகக் குறையும். பள்ளம் வரும்போது வேகத்தைக் குறைப்பதும் டயரில் காற்றுக் குறையாமல் பார்த்துக்கொள்வதும் ஃபிரேமுக்குச் செய்யும் உபகாரம்தான்.

வாங்கும்போது கேட்க வேண்டியது, ஸ்டிக்கரில் உள்ள எடை ஆளுக்கு மட்டுமா, பையோடு சேர்த்தா என்பதுதான். பிராம்ப்டன் சொல்லும் 110 கிலோவில் ஓட்டுபவரும் அவர் சுமையும் அடக்கம். 108 கிலோக்காரர் லேப்டாப்பும் சாப்பாட்டு டப்பாவும் எடுத்துக்கொண்டாலே எல்லை தாண்டிவிடும். டாஹோன் நிறுவனத்தின் பல மாடல்களுக்கு 105 கிலோதான் உச்சம். அமெரிக்காவில் 136 கிலோ, அதாவது 300 பவுண்டு வரை என்று அறிவித்து விற்கும் மடக்கு சைக்கிள்களும் உண்டு. மாசசூசெட்ஸின் மான்டேகு நிறுவனம் முழு அளவுச் சக்கரத்தோடு, முக்கோணத்தைக் கலைக்காமல் சீட் குழாயைச் சுற்றி மடக்கும் வழியைப் பிடித்தது. ஆனால் மடித்த பிறகும் அது பெரிய மூட்டைதான். பலமான ஃபிரேமின் எடையும் கூடுதலாக இருக்கும். பெங்களூர் மெட்ரோ அனுமதி தந்தபோது விதித்த உச்ச எடை 15 கிலோ. ஆள் கனமாக இருந்தால் சைக்கிளும் கனமாக இருக்க வேண்டும். ரயிலுக்கோ சைக்கிள் லேசாக இருக்க வேண்டும்.

நல்லவேளையாக, உலோகம் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் முறிகிறது. கீலை ஒட்டிய வெல்டிங், ஹேண்டில்பார் கம்பத்தின் அடி, சீட் கம்பம் நுழையும் வாய் ஆகிய மூன்று இடங்களை மாதம் ஒரு முறை துணியால் துடைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தலைமுடி போலப் பெயின்டில் ஒரு கோடு, அதிலிருந்து கசியும் துரு, முன்பு இல்லாத ஒரு 'டக் டக்' சத்தம், எவ்வளவு இறுக்கினாலும் தளர்ந்துபோகும் லீவர். இவற்றில் எது தெரிந்தாலும் அன்றோடு ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும். ஹேண்டில்பார் கம்பத்தில் என்றால் இன்னும் கவனம் தேவை. அது முறிந்தால் முகம்தான் முதலில் தரையில் மோதும். சீட் கம்பத்தைக் குறியிட்ட கோட்டுக்கு மேல் தூக்கவே கூடாது. விரிசல் விட்ட அலுமினியத்தைத் தெருமுனை வெல்டிங் பட்டறையில் ஒட்டிப் பெயின்ட் அடிப்பதும் ஆபத்து. அந்தச் சூட்டில், தொழிற்சாலையில் பதப்படுத்தி ஏற்றிய பலம் இறங்கிவிடும்.

இவ்வளவையும் ஓட்டுபவரே தெரிந்துகொள்ள வேண்டியிருப்பதுதான் குறை. எந்த எடையில், எத்தனை தடவை சோதித்தோம், எந்தப் பாகத்தை எப்போது மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் பெட்டியின் மேலேயே அச்சடிக்கலாம். அதிகச் செலவில்லாத காரியம். எடையைக் குறைக்க சைக்கிள் வாங்க வந்தவரிடம் எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவதைவிட அது எவ்வளவோ மேல்.