உப்புத் தண்ணீருக்கு எந்தக் கலர் மீன்?

பரீட்சை முடிந்தால் போதும், "மீன் தொட்டி வேணும்மா" என்று பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்துவிடும். கொளத்தூர் கடைகளில் ஏஞ்சலும், ஆஸ்கரும், டிஸ்கஸும் கண்ணைப் பறிக்கும். இவை எல்லாம் 'சிக்லிட்' என்னும் ஒரே குடும்பம். மார்க்கெட்டில் வாங்கும் ஜிலேபி மீனும் இவற்றுக்கு உறவுதான்! உறவென்றால் ஒற்றுமையாய் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். (பங்காளிச் சண்டை நமக்குத் தெரியாததா?)

வாங்குமுன் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள், சகோதரிகளே. ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், சோப்பு நுரைக்காது. அது டிஸ்கஸுக்கு ஆகவே ஆகாது, காசு தண்டம். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்குக் கடின நீர் பிடிக்கும். ஆனால் மகா முரடுகள், ஏஞ்சலோடு விட்டால் துடுப்பைக் குதறிவிடும்.

என் ஓட்டு நம் நாட்டு ஆரஞ்சு குரோமைடுக்குத்தான். கழிமுகத்து மீன், லேசான உப்பைத் தாங்கும். மூன்று அங்குலம்தான் வளரும். மூன்றடித் தொட்டியில் ஐந்தாறு விடலாம். தாயும் தகப்பனும் சேர்ந்தே குஞ்சுகளைக் காவல் காப்பது பார்க்கப் பார்க்க அலுக்காது. கேரளத்தார் 2010-ல் மாநில மீனாக அறிவித்த கரிமீன் இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். கரிமீன் உடம்பில் ஒட்டும் பூச்சிகளை இது கொத்திச் சுத்தம் செய்யும். (அதன் முட்டையையும் தின்னும், அது வேறு கதை!) கரிமீன் பெரிதாக வளரும், அதற்கு நாலடித் தொட்டிக்கு மேல் வேண்டும்.

குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் வாடை போனபின் ஊற்றுங்கள்.

பிளவர்ஹார்ன் கேட்கிறார்களா? அதற்குத் தனித் தொட்டிதான். கண்ணாடிக்கு வெளியே விரலை நீட்டினாலே முட்ட வரும்!